நூற்றுக்கு ஒன்பது

கோர்னோ லெஸ்கோவோ
2 பிப்ரவரி 1995

டாக்டரம்மா டெஸ்பினா அவர்களுக்கு,

வணக்கம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்கிறார் என் மாமியார். சொல்லிவிட்டேன். இனி மனதில் இருப்பதை எழுதுகிறேன்.

நான் கெரானா. ஜனவரி எட்டாம் தேதி பால்பண்ணைக் கூரையில் பனி தள்ளப் போய், பனியோடு தானும் சேர்ந்து கீழே வந்தாரே ராங்கெல், அவருடைய மனைவி. உங்களுக்கு என் முகம் நினைவிருக்காது. நடைபாதையில் நின்று ஆப்பிள் தின்றுகொண்டிருந்தீர்கள். "என் வீட்டுக்காரர் பொழைப்பாரா டாக்டரம்மா?" என்று கேட்டேன். "உயிருக்குப் பயமில்ல. பழையபடி எழுந்து நடமாடுறதுக்கு நூத்துக்கு ஒம்போதும்மா" என்று சொல்லிவிட்டு, மீதி ஆப்பிளோடு போய்விட்டீர்கள்.

அந்த ஒன்பதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். நாற்பது பேர் இருந்தோம். நூற்றுக்கு ஒன்பது என்றால் இந்தப் பஸ்ஸில் மூன்றரைப் பேர் என்று கணக்குப் போட்டேன். அந்த அரை ஆள் யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெளியே பனி கொட்டியது. எல்லோரும் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், எல்லோரும் அவரைப் போலவே இருந்தார்கள்.

போன திங்கட்கிழமை அவரை உங்கள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் கீழூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டீர்கள். ஜன்னலோரக் கட்டில். கண்ணைத் திறக்கிறார், ஆனால் எதையும் பார்ப்பதில்லை. தூரத்தில் யாருக்கோ பெய்யும் பனியைப் பார்ப்பவர் போல இருக்கிறார். இங்கே மருந்து ஏற்றுகிறார்கள், புரட்டிப் போடுகிறார்கள், அவ்வளவுதான். கையும் காலும் பழக்குகிற வார்டு உங்களிடம்தான் இருக்கிறதாம். அதற்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்டால், "ஒம்போதுக்கெல்லாம் அங்க இடம் கெடையாது" என்கிறாள் இங்குள்ள நர்ஸ்.

அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியுமா? பால் வண்டி ஓட்டுகிறவர். ஊரில் அவருக்குப் பெயரே கண்ணடிக்கிற ராங்கெல். வெயிலில் வண்டி ஓட்டும்போது இடது கண்ணை மூடிக்கொள்வார். எதிரே வருகிற கிழவிகளெல்லாம் தங்களைப் பார்த்துத்தான் கண்ணடிக்கிறார் என்று இருபது வருடமாகச் சந்தோஷப்படுகிறார்கள். இதெல்லாம் உங்கள் ஒன்பதுக்குள் வருமா?

எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். போனில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும். பஸ் ஓட்டுகிற மின்ச்சோ கையில் கொடுத்தால் மறுநாள் வந்து சேரும். கூட ஒரு ஜாடி பிளம்ஸ் ஜாம் அனுப்பியிருக்கிறேன். லஞ்சம் இல்லை. ஜாடியைத் திருப்பி அனுப்பவும்.

கெரானா


ப்ளோவ்டிவ்
8 பிப்ரவரி

திருமதி கெரானாவுக்கு,

அந்த ஆப்பிள் என் மதியச் சாப்பாடு. அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். நின்றுகொண்டு சொன்னதற்கு வேண்டுமானால் கேட்கலாம்.

பதினொரு வருடமாக இதே நடைபாதையில் இதே மாதிரி எண்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிலர் அழுவார்கள், சிலர் என் கையைப் பிடித்து முத்தமிடுவார்கள், ஒருவர் என்னை அறைந்தார். எப்படிக் கணக்குப் போட்டாய் என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே சொல்கிறேன்.

என் மேசைக்கடியில் ஒரு பூட்ஸ் பெட்டி இருக்கிறது. அதில் அறுநூற்று நாற்பத்து மூன்று அட்டைகள். தலையில் அடிபட்டு வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. முதல் நாள் மூன்று விஷயங்கள் எழுதுவேன்: வயது என்ன, வலிக்கும்படி கிள்ளினால் கை என்ன செய்கிறது, விளக்கைக் காட்டினால் கண்மணிகள் சுருங்குகின்றனவா. ஆறு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரு கேள்வி அட்டை அனுப்புவேன். வரும் பதிலை முதல் அட்டையின் பின்புறம் ஒட்டிவிடுவேன். அவ்வளவுதான் என் ஜோசியம். ஜோசியக்காரர் தப்பினால் காரணம் சொல்வார். நான் தப்பினால் அதையும் ஒட்டி வைக்கிறேன்.

உங்கள் கணவருக்கு வயது நாற்பத்து மூன்று. கிள்ளினால் கையை இழுத்துக்கொண்டார், தட்டிவிடவில்லை. இடது கண்மணி விளக்கைப் பார்த்துச் சுருங்கவே இல்லை, அகலத் திறந்தபடி நின்றது. மூளை வீங்கினால் கண்ணுக்குப் போகும் நரம்பை அது நசுக்கும். அப்போது கண்மணி, மூட ஆளில்லாத கதவு மாதிரி திறந்தே கிடக்கும். கெட்ட அறிகுறி அது. இந்த மூன்றும் இதே போல அமைந்த அட்டைகள் என் பெட்டியில் முப்பத்து மூன்று. அவர்களில் ஆறு மாதத்தில் தன் கையால் சாப்பிட்டுத் தன் காலால் நடந்தவர்கள் மூன்று பேர். நூற்றுக்கு ஒன்பது.

பயிற்சி வார்டில் ஆறே கட்டில்கள். நூற்றுக்கு இருபதுக்குக் கீழே இருப்பவர்களைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அந்த இருபதை வைத்தவளும் நான்தான், வேறு யாரையும் திட்ட வேண்டாம். அடுத்த பட்டியல் மார்ச் பத்தாம் தேதி முடிகிறது.

கண்ணடிக்கிற விஷயம் படித்துச் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று சிரித்து.

ஜாம் நன்றாக இருந்தது. ஜாடி இத்துடன்.

டாக்டர் டெஸ்பினா


கோர்னோ லெஸ்கோவோ
14 பிப்ரவரி

டாக்டரம்மா,

ஜாடி வந்து சேர்ந்தது. வெறும் ஜாடி. எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்ப மாட்டோம், ஒரு கைப்பிடி உப்பாவது போட்டு அனுப்புவோம். ப்ளோவ்டிவில் வழக்கம் வேறு போலிருக்கிறது.

இன்று திராட்சைக் கொடி வெட்டுகிற நாள். ஆண்கள் எல்லோரும் தோட்டத்தில் நிற்கிறார்கள். கொடியில் மூன்று வெட்டு, வேரில் கொஞ்சம் ஒயின், வாயில் மீதி ஒயின். எங்கள் கொடியை நானே வெட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, "பொம்பள வெட்டுனா காய்க்காது கெரானா" என்றார். "ஒங்க வீட்டுல நீங்க வெட்டியும் காய்க்கலயே" என்றேன். அப்புறம் வீட்டுக்குள் வந்து அழுதேன்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். கோபம் குறைந்துவிட்டது, வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். அந்தக் கண்மணி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டால் எத்தனை வரும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

நேற்று ஒரு கனவு. ராங்கெல் பால் வண்டியை வீட்டுக்குள் ஓட்டி வருகிறார். சத்தமே இல்லை. அடுப்பங்கரையைத் தாண்டி, மாமியார் கட்டிலைத் தாண்டி, மெல்ல வருகிறார். தலையெல்லாம் பனி. கண்ணாடியை இறக்கி, "கீழூருக்கு எப்படிப் போறது?" என்று என்னிடமே வழி கேட்கிறார். எனக்கு வழி தெரியும், ஆனால் வாய் திறக்க வரவில்லை. வாய் நிறைய நூல் இருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

வேறு விசேஷமில்லை. மின்ச்சோ ஹாரன் அடிக்கிறான்.

கெரானா


ப்ளோவ்டிவ்
19 பிப்ரவரி

திருமதி கெரானாவுக்கு,

இரண்டு கண்மணியும் சுருங்கி, மற்ற இரண்டும் உங்கள் கணவரைப் போலவே இருக்கிற அட்டைகள் நாற்பத்தெட்டு. அவர்களில் பதின்மூன்று பேர் நடந்தார்கள். நூற்றுக்கு இருபத்தேழு.

கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். ஆனால் அதை வைத்துக் கனவு காண வேண்டாம். சுருங்காத கண்மணியைச் சுருங்கியதாக எழுத முடியாது. என் பெட்டியில் ஒரே ஒரு பொய் அட்டை போட்டாலும் அடுத்து வருகிறவருக்கு நான் சொல்கிற எண் பொய்யாகிவிடும். அந்தக் கட்டிலுக்குக் காத்திருக்கிற மற்றவர்களுக்கும் வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

கனவு எழுதினீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன், டாக்டர் என்று நினைக்காமல் படியுங்கள். எனக்கு அடிக்கடி வருகிற கனவு இது. பெரிய வெள்ளை மைதானம். அட்டைகள் எல்லாம் எழுந்து நடந்து வருகின்றன. முன்புறம் என் கையெழுத்து, பின்புறம் யாருடைய முதுகு என்று தெரியாத முதுகு. முகம் பார்க்க ஓடுகிறேன். நான் சுற்றிப் போனால் அவர்களும் சுற்றுகிறார்கள். இந்த அறுநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவரைக்கூட நான் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. எல்லோரையும் படுத்த நிலையில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். என் மூன்று காரணங்களில் நீங்கள் கண்ணை மட்டும் பிடித்துக்கொண்டீர்கள். எல்லோரும் வயதைத்தான் பேரம் பேசுவார்கள். "நாப்பத்து மூணுன்னாலும் ஆளு இரும்பு டாக்டர்" என்பார்கள். கண்ணைப் பற்றி ஏன் கேட்டீர்கள்?

மார்ச் பத்து மறக்க வேண்டாம்.

டெஸ்பினா

பின்குறிப்பு: உப்புக்குப் பதில் இதை வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் தேதிக்கு ஆகும். ஜாடியை நீங்கள் அனுப்பாததால் என் ஜாடியில் அனுப்புகிறேன். இது திரும்பி வர வேண்டியதில்லை.


கோர்னோ லெஸ்கோவோ
5 மார்ச், மன்னிப்பு ஞாயிறு, மாலை

டாக்டரம்மா,

ஜாடிக்குள் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் இரண்டு இருந்தன. ஒன்றை முதல் தேதி அன்றே அவர் மணிக்கட்டில் கட்டினேன். மற்றதை நான் கட்டிக்கொண்டேன். வழக்கப்படி வசந்தத்தின் முதல் நாரையைப் பார்க்கும் வரை அவிழ்க்க மாட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு வாரமாகப் பதில் எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று எழுதாவிட்டால் என்றைக்கும் எழுத மாட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இது. மறைத்தவள் நான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மன்னிப்பு ஞாயிறு. எனக்குப் பதினெட்டு வயது. மாலையில் இளவட்டங்கள் மேட்டின் மேல் ஏறி, ஹேசல் மரக் குச்சி அம்பில் தீ வைத்து, பிடித்த பெண்ணின் பெயரைக் கூவி அவள் வீட்டு முற்றத்தைப் பார்த்து விடுவார்கள். உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். ராங்கெல் என் பெயரைக் கூவினார். அம்பு எங்கள் வைக்கோல் போரில் விழுந்தது. அப்பா வாளியோடு ஓடுகிறார், அம்மா கத்துகிறாள், வேலிக்கு அப்பால் அவர் இறங்கி வந்து நின்று சிரிக்கிறார். எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. உறைந்த பனியை ஒரு பிடி அள்ளி, சிரிப்பு வந்த திசையில் எறிந்தேன். உள்ளே கல் இருந்தது எனக்குத் தெரியாது. இல்லை, இதையும் மறைக்க வேண்டாம். கல் இருந்தது கையில் தெரிந்தது. அதனால்தான் இன்னும் வேகமாக எறிந்தேன்.

சிரிப்பு நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நிற்கிறார், விரலிடுக்கில் ரத்தம். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "இவ்ளோ நல்லா குறி பாக்குற பொண்ண விட்டுட்டு வேற எவளக் கட்டுறது?" என்றார்.

மூன்று வாரம் மலையில் ஆட்டுக் கிடையில் ஒளிந்து கிடந்து குணமாக்கிக்கொண்டார். பார்வை போகவில்லை. ஆனால் அந்தக் கண்மணி அன்றிலிருந்து அகன்றபடியே நின்றுவிட்டது, சுருங்குவதே இல்லை. அவர் விழியே கறுப்பு என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வெயில் பட்டால் கூசும், மூடிக்கொள்வார். ஊர் அதைக் கண்ணடிப்பது என்றது, அவரும் ஆமாம் என்றார். ரொட்டியையும் உப்பையும் தொட்டு என்னிடம் சத்தியம் வாங்கினார். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நீ இந்த வாசப்படி மிதிக்க முடியாது. வெளிய மூச்சு விடாத" என்றார். அப்புறம் லைசென்ஸ் வந்தது. ஒரு குடுவை ராக்கியாச் சாராயம், கண்ணைப் பார்க்காமலே கண் சோதனையை முடித்துக் கொடுத்தது. வெளியே சொன்னால் லைசென்ஸ் போகும், பிழைப்புப் போகும். சொல்லாமலிருக்க ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் கூடிக்கொண்டே போனது.

நீங்கள் எழுதிய கடிதத்தில் இடது கண்மணி என்று படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் எறிந்த கல் இருபத்திரண்டு வருடம் பறந்து, இப்போதுதான் அவர் தலையில் விழுந்திருக்கிறது. அப்படியும் சொல்லவில்லை. சத்தியம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சத்தியம் இல்லை டாக்டரம்மா, பயம். என் மாமியார் எழுபத்தெட்டு வயதில் என் கையால் சாப்பிடுகிறார். மகனை இந்தக் கோலத்தில் பார்த்துவிட்டு வந்து என் தோளில்தான் சாய்கிறார்.

ஒவ்வொரு வருடமும் இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் மாமியார் கையை முத்தமிட்டு மன்னிப்புக் கேட்போம். பிறகு நானும் ராங்கெலும் பின்னறைக்குப் போவோம். நான் அவர் கையைப் பிடித்து, "கண்ணுக்காக மன்னிச்சிரு" என்பேன். "மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. அல்வாவ எடுத்துட்டு வா" என்பார். எப்போதும் இரண்டு தடவை சொல்வார்.

இன்று வெள்ளை அல்வாவை எடுத்துக்கொண்டு கீழூருக்குப் போனேன். நூல் கட்டிய கையைப் பிடித்துக் கேட்டேன். அவரை இப்படி அமைதியாகப் பார்த்ததே இல்லை. வார்டு முழுக்கத் தூக்கம். குழாயில் சொட்டு விழுகிறது, ஜன்னல் கண்ணாடியில் பனி உருகி வழிகிறது. நானும் பாதி உறங்கிவிட்டேன் போல. மேகம் விலகி வெயில் தலையணைக்கு வந்தது. இடது கண் மூடியது. இடது கண் மட்டும். வலது திறந்தே இருந்தது. வெயில் போனதும் மறுபடி திறந்தது. மறுபடி வந்தது, மறுபடி மூடியது.

நர்ஸைக் கூப்பிட்டேன். "ஏதோ நரம்புத் துடிப்பு கெரானா. மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்றாள். எனக்குத் தெரியும். அது என் வீட்டுக்காரர் கண்ணடிக்கிறது.

வீட்டுக்கு வந்து முதலில் மாமியாரிடம் சொன்னேன். எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். சொல்லியிருக்க வேண்டிய நாளில் சொல்லாமல் உங்கள் பெட்டிக்குள் ஒரு பொய் அட்டை கிடக்க விட்டேன். என்னை மன்னிக்க வேண்டும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் மின்ச்சோ கொண்டு வருவான்.

கெரானா


ப்ளோவ்டிவ்
8 மார்ச்

கெரானா,

மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு. உன் வீட்டு வழக்கப்படி இரண்டு தடவை.

நேற்று கண் டாக்டர் ஒருவரை என் காரில் போட்டுக்கொண்டு கீழூருக்கு வந்தேன். பாதி வழியில் பனிமூட்டம். சாலையும் வானமும் ஒன்றாகிவிட்டன. என் கனவுக்குள்ளேயே ஓட்டுகிற மாதிரி இருந்தது. நீ ஆடுகளைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாய். நல்லதுதான். எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இருந்திருக்காது.

கண் டாக்டர் பூதக்கண்ணாடியால் பார்த்தார். கண்மணியின் விளிம்பில் மூன்று பழைய கிழிசல்கள். "இது கூரையிலேர்ந்து விழுந்ததுல வந்ததில்ல. இருபது வருஷப் பழசு. இந்தக் கண்ணு தூக்கத்துலயும் சுருங்காது, சந்தோஷத்துலயும் சுருங்காது" என்றார். பிறகு நான் விளக்கை உன் வீட்டுக்காரரின் இடது கண்ணருகே கொண்டுபோனேன். மூடிக்கொண்டார். எடுத்தேன், திறந்தார். அதையே பத்து முறை செய்தேன். பதினோராவது தடவை, என் கையை அவர் கை வந்து தட்டிவிட்டது. மெல்ல, ஈயை விரட்டுகிற மாதிரி. நூல் கட்டிய கை. நான் வார்டில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். நர்ஸ் உன்னிடம் சொல்லியிருப்பாள்.

அட்டையைத் திருத்திவிட்டேன். இருபத்தேழு. பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வரும், நான்காம் கட்டில். ஆனால் கேட்டுக்கொள்: இருபத்தேழு என்றால் எழுபத்து மூன்று பேர் எழுந்து நடக்கவில்லை என்று அர்த்தம். நான் உனக்குக் கொடுத்தது ஒரு கட்டில், ஆள் இல்லை.

இன்னொன்று. அவர் எழுந்தாலும் இனிமேல் பால் வண்டி ஓட்ட மாட்டார். அந்தக் கண்ணோடும் இந்தத் தலையோடும் ஓட்டக்கூடாது. கேட்பவர்களிடம் நான் மறைக்க மாட்டேன். இதற்கு நீ என்னைத் திட்டலாம்.

இப்போது என் முறை. நீ மறைத்தாய், சரி. ஆனால் நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். இடது கண், வெயில், இருபது வருடம். நான் அதைப் படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினேன். "விழறதுக்கு முன்னாடி இந்தக் கண்ணு எப்படி இருந்துச்சு?" என்று எந்த வீட்டாரிடமும் நான் கேட்டதில்லை. என் அட்டையில் அதற்குக் கட்டமே இல்லை. நேற்று வந்ததும் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன். அப்புறம் அந்த முப்பத்து மூன்று அட்டைகளையும் மேசையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். அவர்களில் எத்தனை பேருக்கு வீட்டில் ஒரு கல்லின் கதை இருந்தது? இனி யாரைக் கேட்பது? வெறும் வலி இது கெரானா, இதற்கு எண் இல்லை.

ஞாயிறு கடந்துவிட்டது, தெரியும். தாமதமாகக் கேட்டாலும் செல்லும் என்று நினைக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இன்று மகளிர் தினம். வார்டில் எனக்கு ஆறு கார்னேஷன் பூக்கள் கொடுத்தார்கள். உனக்கு மூன்று, மின்ச்சோவின் கையில் வாடாமல் வந்தால்.

டெஸ்பினா


கோர்னோ லெஸ்கோவோ
10 ஜூலை

டெஸ்பினா அக்கா,

உங்கள் ஆறு மாதக் கேள்வி அட்டை தபாலில் வந்தது. ஆம், இல்லை என்று குறி போட்டு அனுப்பினால் போதும் என்று கீழே அச்சடித்திருக்கிறீர்கள். போதாது. அதனால் தனித்தாளிலும் எழுதுகிறேன்.

நோயாளி உயிருடன் இருக்கிறாரா? இப்போதுதான் என்னோடு சண்டை போட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனார். ஆம்.

தன் கையால் சாப்பிடுகிறாரா? சாப்பிடுகிறார், வலது கையால். இடது கை இன்னும் யோசிக்கிறது. தயிரை மட்டும் கொட்டிவிடுகிறார். மாமியார் துடைக்கிறார். அந்த ஞாயிற்றுக்குப் பிறகு பதினொரு நாள் என்னிடம் அவர் பேசவில்லை. ஆட்டிடம் பேசினார், எனக்குக் கேட்கும்படி. "பாரு, கண்ணுல அடிச்சுட்டு கஞ்சி ஊத்துறா" என்பார். பன்னிரண்டாம் நாள் ஆம்புலன்ஸ் பின்னாலேயே ப்ளோவ்டிவுக்கு வர வேண்டும், தனியாகப் போகப் பயம், "நீயும் வாடி" என்றார். அத்தோடு சரி.

தனியாகக் கடைக்குப் போய் வருகிறாரா? போகிறார். வருவதில்லை. எதற்குப் போனோம் என்று மறந்து, கடை வாசலில் உட்கார்ந்துவிடுகிறார். யாராவது கூட்டி வருகிறார்கள். இதற்கு உங்களிடம் கட்டம் இல்லை, நடுவில் குறி போட்டேன்.

முன்பு செய்த வேலையைச் செய்கிறாரா? இல்லை. வண்டியின் சாவியை அவரே பால்பண்ணையில் கொடுத்துவிட்டு வந்தார். உங்களைத் திட்டலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை.

கடைசிக் கேள்விக்குத்தான் மூன்று நாளாக அட்டையை அடுப்புக்கு மேல் செருகி வைத்திருந்தேன். விபத்துக்கு முன்பு இருந்தவராகவே இருக்கிறாரா?

அக்கா, அவருக்கு நிறைய போய்விட்டது. எங்கள் மகள் வர்னா நகரில் இருப்பது தெரியும், அவள் கல்யாணம் நினைவில் இல்லை. எங்கள் கல்யாணம் பனிமூட்டத்துக்குள் பார்ப்பது மாதிரி என்கிறார், மேளம் மட்டும் கேட்கிறதாம். சில சமயம் என்னைத் தூரத்திலிருந்து பார்ப்பார், யாரோ தெரிந்தவள் என்பது போல. அப்போதெல்லாம் நான் இரவல் வாங்கி வந்த ஆளோடு குடித்தனம் நடத்துகிறேனோ என்று தோன்றும்.

ஏப்ரலில் நாரை வந்ததும் இரண்டு நூலையும் பிளம்ஸ் மரத்தில் கட்டினேன். முந்தாநாள் அந்த மரத்தடியில் பால் கறந்துகொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் முக்காலியில் இருந்தார். இலை அசைந்து வெயில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஏன் கெரானா, இந்தக் கண்ணு மட்டும் ஏன் கூசுது?" என்றார்.

அவருக்குத் தெரியாது அக்கா. அம்பு, வேலி, கல், எல்லாம் போய்விட்டது. இருபத்திரண்டு வருடம் என்னை மன்னித்துக்கொண்டே இருந்த ஆளுக்கு, எதற்கு மன்னித்தோம் என்பதே தெரியாது. கூரையிலிருந்து விழுந்ததில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? வாய் வரைக்கும் வந்தது. கனவில் வந்த அந்த நூல் மறுபடி வாய்க்குள் நிறைவது மாதிரி இருந்தது.

"நான்தான் அடிச்சேன்" என்றேன். "கல்லால. கல்லுன்னு தெரிஞ்சே அடிச்சேன். நீ எங்க வைக்கப்போர எரிச்ச." அம்பு, வேலி, ரத்தம் வரை சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பாலைக் கறந்துகொண்டே இருந்தேன், ஆட்டுக்கு மடி வற்றிய பிறகும் கறந்தேன். இந்த ஆள் என்னை மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இவர் புது ஆள், என் குற்றத்தை இன்றுதான் முதல் முறையாகக் கேட்கிறவர் என்று நினைத்தேன்.

அப்புறம் நிமிர்ந்தார். இப்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத்தான் பேசுவார், நடுவில் மூச்சு வாங்கும்.

"இவ்ளோ நல்லா... குறி பாக்குற பொண்ண விட்டுட்டு..." என்றார். கொஞ்ச நேரம் தேடினார். "வேற எவளக்... கட்டுறது?"

அன்று வேலியருகே அவர் சொன்ன அந்தச் சொல்லை நான் அவரிடம் சொல்லவே இல்லை அக்கா. கல்லைச் சொன்னேன், ரத்தத்தைச் சொன்னேன். அதை மட்டும் உங்களிடம்தான் எழுதியிருந்தேன்.

ஆம் என்ற கட்டத்தில் குறி போட்டிருக்கிறேன். பேனா அழுந்தி, அந்த இடத்தில் அட்டை கிழிந்துவிட்டது. பின்புறம் ஒட்டும்போது பார்த்து ஒட்டுங்கள்.

உங்கள் ஜாடியில் ஜாம் அனுப்பியிருக்கிறேன்.

கெரானா